சீமைக்கருவேலத்தில் ஒரு துப்பாக்கிக் கட்டை

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜாக்கெட் தைக்க அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், ஆறடி இரண்டங்குலத்தில் நிற்கும் ஒரு டெக்சாஸ்காரரின் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை அளந்தேன். பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்க நிறுத்தி வைத்தவர் மாதிரி அவர் விறைப்பாக நின்றார். நான் சொன்ன எண்களை அவர் மனைவி ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். தோளிலிருந்து கன்ன எலும்பு எவ்வளவு உயரம், கன்ன எலும்பிலிருந்து கண் எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். கழுத்தையும் விடவில்லை. "மிஸ் கவி, எனக்குச் சட்டை தைக்கப் போறியா, சவப்பெட்டி செய்யப் போறியா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. அவருடைய துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு கட்டை செய்யப் போகிறேன். இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

துப்பாக்கியில் இரும்பு போக மிச்சமிருப்பதை, அதாவது தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளும் பகுதியை, இங்கே ஸ்டாக் என்கிறார்கள். நான் கட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பக்கத்து வீட்டு ராயுடைய துப்பாக்கி செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். வாங்கும்போதே அதில் கறுப்பு பிளாஸ்டிக் கட்டைதான் இருந்ததாம். அடியில் ஒரு கைப்பிடி துருத்திக்கொண்டிருக்கும். பின்பகுதியை மடக்குக்குடை மாதிரி உள்ளேயும் வெளியேயும் இழுக்கலாம். ராய்க்கு எழுபத்தொரு வயது. மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூன்று வருடங்களுக்கு முன்னால் பார்க்கின்சன் வந்ததிலிருந்து வலது கை ஓயாமல் ஆடுகிறது. பிளாஸ்டிக்குக்கு எடையே இல்லை. அந்தக் கைப்பிடியைப் பிடிக்க மணிக்கட்டை மடக்கினால் நடுக்கம் இன்னும் கூடுகிறது. கனமான மரத்தில், மணிக்கட்டை மடக்காமல் பிடிக்கிற பழைய பாணிக் கட்டை இருந்தால் துப்பாக்கி அடங்கி நிற்கும் என்பது அவர் எண்ணம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஆனால் இதில் அவர் மனைவி டார்லீன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். டார்லீன் முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். அவர் திரும்பிப் பார்த்தாலே நான் நிற்கிற இடத்தில் நின்றபடி சீட் பெல்ட்டைத் தேடுவேன். நவம்பரில் மான் வேட்டை தொடங்குவதற்கு முன், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் நூறு கஜ தூரத்தில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் ராய் ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் உள்ளே விழுந்தால் இந்த வருடமும் வேட்டை உண்டு. ஒன்று வெளியே போனாலும் துப்பாக்கி அவர் தம்பி மகனுக்குப் போய்விடும், பேச்சே கிடையாது. கட்டைக்கான மரமும் ஒரே ஒரு பலகைதான். அவர்கள் வீடு கட்டியபோது வெட்டிய மரத்தில் அறுத்து, என்றாவது தானே செதுக்க வேண்டும் என்று கராஜ் உத்தரத்தில் இருபத்தாறு வருடமாக ராய் காயப்போட்டிருந்தார். இப்போது அவர் உளியைப் பிடித்தால் விரல் போய்விடும். நான் சொதப்பினால் இன்னொரு பலகை இல்லை, அவருக்கு இன்னொரு சீசனும் இல்லை.

இந்த வம்பில் நான் மாட்டியது எங்கள் வீட்டு சாமிகளால். ஜூலையில் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு பூஜை அலமாரி ஒன்று செய்துகொண்டிருந்தேன். ஆணி இல்லாமல், பலகையின் ஓரங்களைப் பல்பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்த வேலை. டாக்டர் சொன்ன நடையை நடந்துகொண்டிருந்த ராய் நின்று பார்த்தார். அதுவரைக்கும் எங்களுக்குள் கையசைப்பு மட்டும்தான். "அருமையான வேலை. எத்தனை வைப்பே?" என்றார். ஏழு இருக்கிறது, ஊரிலிருந்து அம்மா இன்னும் இரண்டு அனுப்புகிறார் என்றேன். "எல்லாம் பெரிசா?" முருகன் மட்டும் பெரியது, மற்றதெல்லாம் சின்னது என்றேன். "பூட்டு எங்கே வரும்?" பூட்டெல்லாம் கிடையாது, தினமும் காலையில் திறந்து பூ வைப்போம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. மனிதர் துப்பாக்கி அலமாரி என்று நினைத்திருக்கிறார். முருகன் என்பது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி என்று எடுத்துக்கொண்டாராம். இரண்டு பேரும் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. சிரித்து முடித்ததும் அவர் உத்தரத்துப் பலகையைப் பற்றிச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை, "நான் செய்யறேன்" என்றுவிட்டேன்.

வீட்டில் என் கணவர் செந்திலுக்குச் சோறு இறங்கவில்லை. "உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா கவிதா? கிரீன் கார்டு கைக்கு வந்து முழுசா ரெண்டு வருஷம் ஆகல. விசால இருந்தப்போ லாயர் என்ன சொன்னாரு? கன் பக்கமே போகாதீங்கன்னு சொன்னாரா இல்லையா?"

"அது விசால இருந்தப்போங்க. இப்பப் பிரச்சனை இல்லைன்னு நானே செக் பண்ணிட்டேன். துப்பாக்கி அவர் வீட்லயேதான் இருக்கும். நம்ம வீட்டுக்கு வர்றது வெறும் மரம்."

"மரத்த மட்டும் பாக்குறியே. லீவு விடறதுக்கு முன்னாடி உம்பொண்ணு ஸ்கூல்ல லைட்ட ஆஃப் பண்ணி மேசைக்கு அடியில உக்கார வெச்சு டிரில் பண்ணாங்களே, அது எதுக்காம்?"

யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் ஒளிந்துகொள்ளத்தான் அந்த டிரில். இதைப் படிக்கும் உங்களுக்கும் அந்தக் கேள்வி வரும், வர வேண்டும். அந்த டிரில் நடந்த அன்று நான் ஆபீஸ் பாத்ரூமில் அழுதவள். துப்பாக்கி என்றால் நம் ஊரில் போலீஸ்காரர் தோளிலும் பேங்க் வாசலிலும் பார்த்ததுதான். இங்கே அது பால் பாக்கெட் விற்கிற கடையிலேயே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. எனக்கு அது இன்னும் பழகவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பலகையைக் கற்பனை பண்ணியதுமே என் கை பரபரத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆறு வருடம் மரத்தோடு வேலை பார்த்தவள், இங்கே வந்து பதினொரு வருடமாக எக்செல்லில் தரக்கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒருவர், இந்த ஊர்க்காரர், உன்னால் முடியும் என்று ஒரு பொருளை என் கையில் கொடுக்கிறார். அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பலகையை இறக்கிய அன்று இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது. ராய் அதை மெஸ்கீட் என்றார். விலை உயர்ந்த மரம், மேசை நாற்காலி செய்தால் தலைமுறைக்கும் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னார். அதே இனத்தில் ஒரு மரம் வேலியோரம் இன்னும் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தேன். சின்னச் சின்ன இலை, முள், மஞ்சளாய்த் தொங்கும் காய். அடேயப்பா, இது நம் சீமைக்கருவேலம் இல்லையா! வீட்டுக்கு ஓடிப்போய்த் தேடிப் பார்த்தால் சொந்தக்காரர்களேதான், அக்கா தங்கை மாதிரி. எந்த மரத்தை வேரோடு பிடுங்கச் சொல்லி நாம் கோர்ட்டுக்கெல்லாம் போனோமோ, கரி சுடுவதைத் தவிர எதற்கும் ஆகாது என்று திட்டித் தீர்த்தோமோ, அதன் கூடப்பிறந்தது இங்கே கராஜில் துணி போர்த்தி இருபத்தாறு வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது. நான் அதை ராயிடம் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. "உங்க ஊர்ல இதை எரிக்கறீங்களா? எரிக்கறதுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

சீவ ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு மரம். உள்ளே செம்பழுப்பு நிறம், இழை நெருக்கம், காய்ந்த பின் வெயிலுக்கும் மழைக்கும் அசையவே அசையாது. நான் கோயம்புத்தூரில் வேலை பார்த்தது பம்ப் கம்பெனியின் பேட்டர்ன் ஷாப்பில். பம்ப்பின் உருவத்தை முதலில் மரத்தில் செய்து, மணலில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். மரம் அரை மில்லிமீட்டர் முறுக்கினாலும் வார்ப்பு முழுக்கக் கழிவுதான். என்னை டிராயிங் ஆபீசில் ஏசிக்கு அடியில் உட்காரத்தான் எடுத்தார்கள். நான் கீழே இறங்கிப்போய் உளி பிடித்தேன். பெண் பார்க்க செந்தில் வீட்டார் வந்த அன்று ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து உட்கார்ந்ததில், தலையில் மல்லிகைக்குள்ளே தேக்குச் சுருள் ஒன்று சிக்கியிருந்தது. என் மாமியார் அதை எடுத்து முகர்ந்து பார்த்து, "நல்ல தேக்குங்க" என்றார். அதோடு சம்பந்தம் முடிந்தது. அப்போது எங்களுக்கு அசையாத மரம் வேண்டும் என்று பர்மா தேக்கைத் தேடி அலைந்தோம். ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் முள்ளாக நின்றதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளி உருவத்தைச் செதுக்குவது பெரிய விஷயமே இல்லை. இரும்பு உட்காரும் பள்ளத்தைத் தோண்டுவதில்தான் உயிர் இருக்கிறது. இரும்பு எல்லா இடத்திலும் மரத்தைத் தொட்டு உட்கார வேண்டும். வலது பக்கம் ஓடும் ஒரு கம்பியை மட்டும் மரம் தொடவே கூடாது. சுடும்போதெல்லாம் அந்தக் கம்பிதான் முன்னும் பின்னும் ஓடி அடுத்த குண்டை ஏற்றுகிறது. உரசினால் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். பேட்டர்ன் ஷாப்பில் இரண்டு பாகம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒன்றில் நீல மையைத் தடவி மற்றதில் அழுத்துவோம். மை ஒட்டிய இடம் மேடு, அங்கே சுரண்ட வேண்டும். இங்கே அந்த மைக்கு எங்கே போவது? கைப்பையைத் திறந்தேன், கண்மை டப்பா இருந்தது. இரும்பில் மெல்லிசாக ஒரு தடவு, மரத்தில் வைத்து ஒரு அழுத்து, எடுத்தால் கறுப்புப் புள்ளிகள் பளிச்சென்று நிற்கின்றன. ராய் விசில் அடித்தார். அக்டோபர் வருவதற்குள் ஐந்து டப்பா தீர்ந்தது. இந்தியக் கடையில் பில் போடும் பெண், "என்ன ஆன்ட்டி, டான்ஸ் ஸ்கூல் ஏதாச்சும் ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். துப்பாக்கிக்கு என்று சொன்னால் என்ன நினைப்பாளோ என்று தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

சனி, ஞாயிறு முழுக்க நான் ராய் வீட்டுக் கராஜில்தான். ஒவ்வொரு தடவையும் வேலையைத் தொடங்குவதற்கு முன் ராய் துப்பாக்கியைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்று எனக்குக் காட்டுவார். பிறகு டார்லீன் வந்து அவர் பங்குக்கு விரலை விட்டுப் பார்ப்பார். பஸ்ஸை நிறுத்தியதும் யாராவது குழந்தை தூங்கிப் போயிருக்கிறதா என்று கடைசி சீட் வரை போய்ப் பார்த்த பழக்கம், இன்னும் விடவில்லை. ராய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். அவர் பாப்டிஸ்ட் சர்ச்சில் டீக்கன், காணிக்கைத் தட்டு ஏந்துபவர். நான் சுரண்டுவேன், அவர் இரும்பை வைத்து எடுத்துத் தருவார், டார்லீன் சோளரொட்டி கொண்டுவருவார். பதினெட்டாவது தடவையோ இருபதாவது தடவையோ இரும்பை உள்ளே வைத்தபோது 'டப்' என்று ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. ராய் கம்பியைக் கையால் இழுத்து விட்டார். உரசல் இல்லை, வழுக்கிக்கொண்டு போய் வந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பத்துத் தடவை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசி வேலை எண்ணெய் பூசுவது. கட்டையை மட்டும் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து ஐந்து கோட் கொடுத்தேன். ரேஞ்சுக்கு முந்தைய திங்கட்கிழமை கடைசிக் கோட். தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. புதன்கிழமை ஆயுத பூஜை வந்தது. ஆபீஸ் உண்டு, ஆனாலும் காலையிலேயே எழுந்து குளித்து, செந்திலின் கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மகளின் லேப்டாப்புக்குப் பூ, என் உளிகளுக்கும் இழைப்புளிக்கும் சந்தனம், பொரி, கடலை, சுண்டல் என்று எல்லாம் வைத்தேன். கட்டை மேசையில் கிடந்தது. அதைச் சும்மா விட எனக்கு மனசில்லை. பேட்டர்ன் ஷாப்பில் அன்றைக்கு ஒரு பேட்டர்ன் விடாமல் பொட்டு வைப்போம். லேத்துக்கு மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, மேனேஜரும் ஹெல்பரும் ஒரே இலையில் பொரி அள்ளுவார்கள். அந்த ஞாபகத்தில், கன்னம் சாயும் இடத்தில், அதுதான் அதற்கு முகம் என்று எனக்குப் பட்டதால், சந்தனத்தை வைத்து அதன் நடுவில் குங்குமத்தைக் குழைத்து நல்ல பெரிய பொட்டாக வைத்துக் கும்பிட்டேன். இந்தக் கருவி ராயின் கையை ஏமாற்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன், சிவப்பு பரவியது. பேட்டர்ன் ஷாப்பில் நாங்கள் பூசியது அரக்கு பாலிஷ். அது மரத்தின் மேல் கண்ணாடி மாதிரி நிற்கும், எதைப் பூசினாலும் மறுநாள் வழித்து எடுத்துவிடலாம். இது எண்ணெய். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. சாயம் அதோடு கலந்து இழைக்குள் இறங்கிவிட்டது. ஐந்து கோட் என் கையால் பூசியவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆயுத பூஜை என்றதும் கை தன் பழைய ஊருக்குப் போய்விட்டது. ஸ்பிரிட் போட்டேன், எண்ணெய் போட்டேன், ஒன்றுக்கும் அசையவில்லை. சீவியோ உப்புத்தாள் போட்டோ எடுத்தால் போகும், ஆனால் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் ராயின் கண்ணும் குறியும் ஒரே கோட்டில் வராது. பொட்டு போக வேண்டும் என்றால் அளவு போய்விடும். பாப்டிஸ்ட் டீக்கனின் ஒரே பலகையில் அழியாத குங்குமப் பொட்டு. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

துப்பாக்கி என்றாலே நடுங்கும் செந்தில்தான் என்னை எழுப்பினார். "சீவாத. அவங்க மரம், அவங்ககிட்ட போய் உள்ளத சொல்லிரு. திட்டினா வாங்கிக்கலாம். நானும் வர்றேன்." வந்தார். இத்தனை நாளில் அந்தக் கராஜுக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். நான் கட்டையை நீட்டி, "மிஸ்டர் ராய், ஒரு விஷயம் சொல்லணும், இந்த இடத்தில்" என்று தொடங்குவதற்குள் அவர் கண் அதில் விழுந்துவிட்டது. ஆடுகிற விரலால் அதைத் தொட்டார். "கன்னம் வைக்கிற இடத்துக்குக் குறி போட்டிருக்கியா! டார்லீன், இங்கே வந்து பார். எங்கே கன்னம் வைக்கணும்னு எனக்கு மறந்துடும்னு குறி போட்டிருக்கா." டார்லீன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "புத்திசாலிப் பெண்" என்றார். செந்தில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ராயின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது, அவர் மனசைக் கலைக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான் காரணம்.

சனிக்கிழமை ரேஞ்சில் நல்ல வெயில். காதில் மூடி மாட்டிக்கொண்டு ராய்க்குப் பின்னால் நான் நின்றேன். செந்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார். டார்லீன் தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு, கருணையே இல்லாத குரலில், "ஆரம்பி" என்றார். மணல் மூட்டையின் மேல் முன்பக்கம், தோளில் பின்பக்கம், கன்னம் சிவப்புப் பொட்டின் மேல். முதல் குண்டு. "உள்ளே. ஓரத்தில்." இரண்டாவது, "உள்ளே." கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு இடத்திலும் சிக்கவில்லை, என் பாதிப் பயம் போனது. மூன்றாவது நடுவிலேயே விழுந்தது. நான்காவதற்கு முன் கை ஆட ஆரம்பித்தது. ராய் அவசரப்படவில்லை. முகத்தை எடுத்தார், மூச்சு விட்டார், விரலால் பொட்டைத் தடவிப் பார்த்துக் கன்னத்தை அதே இடத்தில் திரும்ப வைத்தார். "உள்ளே." ஐந்தாவதற்கு இரண்டு தடவை முகத்தை எடுத்தார். நான் என் சேலைத் தலைப்பைத் தேடுகிறேன், போட்டிருந்தது ஜீன்ஸ். சத்தம் கேட்டது. டார்லீன் குழாயிலிருந்து கண்ணை எடுத்து, கண்ணைத் துடைத்து, திரும்ப வைத்துப் பார்த்தார். "உள்ளே இருக்கு, ராய்," என்றார். நான் கத்தின கத்தலில் செந்தில் காரிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

ராய் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து திரும்பினார். டார்லீனின் முகம் வெளுத்துவிட்டது. "ரத்தம்" என்று ராயின் கன்னத்தைப் பிடித்தார். வலது கன்னத்தில் வட்டமாக, சிவப்பாக இருந்தது. டிஷ்யூவால் துடைத்தார், போகவில்லை. காயமும் இல்லை. வியர்வை பட்டு எண்ணெய்ச் சாயம் ஏறியிருக்கிறது. இனி ஒளிக்க இடமில்லை. "அது ரத்தம் இல்லை. அது குறியும் இல்லை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பூஜை, பொரி, அரக்கு, எண்ணெய், என் மடத்தனம், புதன்கிழமை மூடிக்கொண்ட வாய். உங்கள் மரத்தில் உங்கள் மதத்தில் இல்லாத ஒன்றை உங்களைக் கேட்காமல் வைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். கடைசி வார்த்தை வெளியே வருவதற்குள் அழுதுவிட்டேன்.

ராய் தூரத்துக் காகிதத்தைப் பார்த்தார். "என்ன வேண்டிக்கிட்டே?" என்று கேட்டார்.

"இது உங்க கையை ஏமாத்தக் கூடாதுன்னு."

"ஏமாத்தலையே." கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ எதுக்கு வெச்சியோ எனக்குத் தெரியாது. நான் அஞ்சு தடவை அதுல முகத்தை வெச்சேன். இப்ப அது குறிதான். அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

"நாளைக்கு சர்ச் இருக்கு ராய்," என்றார் டார்லீன், இன்னும் துடைத்துக்கொண்டே. எண்ணெயில் ஊறிய சாயம் சோப்புக்கும் போகவில்லை, அவர் காரில் வைத்திருந்த எதற்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராய் அதே கன்னத்தோடு கோட்டு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாகக் காணிக்கைத் தட்டு ஏந்திக்கொண்டு போனாராம். கேட்டவர்களுக்கெல்லாம், "பக்கத்து வீட்டுப் பெண் அளவெடுத்துப் போட்டது" என்று சொன்னாராம். டார்லீன் வேலியோரம் நின்று இதை எனக்குச் சொல்லும்போது பாதி தலையில் அடித்துக்கொண்டார், பாதி சிரித்தார்.

திங்கட்கிழமை காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் பாட்டுத்தான், அவ்வளவு உற்சாகம். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, வெயில் மறைப்பிலுள்ள சின்னக் கண்ணாடியை இறக்கி, டிஷ்யூவை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். யாரும் துடைக்கச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒருவர், அடிபட்டுவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார்; அன்றிலிருந்து கை தானாகத் துடைத்துவிடும், நான் கவனிப்பதுகூட இல்லை. அன்றைக்குக் கவனித்தேன். துடைத்து முடித்திருந்தேன். என் நெற்றியில் அது காலை எட்டரை மணி வரை இருந்தது. ராயின் கன்னத்தில் புதன்கிழமை வரை இருந்தது.